சட்டம் கேட்காத அறிக்கை: மட்டக்களப்பு வாவிக்கரையில் மருத்துவக் கவனயீன வழக்குகளும் நிபுணர் சான்றும்

1. ஆய்வுப் பொருளும் கருதுகோளும்

1.1 மருத்துவக் கவனயீனத்தால் பாதிக்கப்பட்ட ஒருவர் மட்டக்களப்பு மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கோரி வழக்குத் தொடுக்கலாம். வழக்குரையோடு மருத்துவ நிபுணர் ஒருவரின் அறிக்கையை இணைக்க வேண்டும் என்று இலங்கைச் சட்டம் அவரைக் கேட்பதில்லை. ஆனால் அப்படியோர் அறிக்கையும் அதை எழுதியவரின் சாட்சியமும் இல்லாமல் அவர் அந்த வழக்கை வெல்வது மிக அரிது. வாசலில் கேட்கப்படாத அறிக்கை, வழக்கின் நடுவில் கேட்கப்படுகிறது. அதற்குள் காலம் போய்விடும்; பதிவேடுகள் கைக்கு எட்டாமல் போய்விடும்; சொல்ல வேண்டியவர் சொல்ல மறுத்திருப்பார்.

1.2 எழுதப்படாத இந்த நிபந்தனை, எழுதப்பட்ட நிபந்தனையைவிட ஏழை நோயாளிக்குக் கூடிய பாரமாகிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். எழுதப்பட்ட விதிக்கு வடிவம் உண்டு, கால எல்லை உண்டு, பொறுப்பாளி உண்டு. எழுதப்படாத விதிக்கு இவை எதுவும் இல்லை. ஆகவே நிபுணர் அறிக்கை எப்படி அமைய வேண்டும், அதை யார் எழுத வேண்டும், எப்போது கையளிக்க வேண்டும் என்பதை வெளிப்படையாக வகுப்பது நோயாளிக்கும் நல்லது, வைத்தியருக்கும் நல்லது.

1.3 ஆய்வின் எல்லை குடியியல் வழக்குகளே. திடீர் மரண விசாரணை, குற்றவியல் வழக்கு, இலங்கை மருத்துவ சபையின் ஒழுக்க விசாரணை என்பன நிபுணர் சான்றோடு தொடர்புபடும் அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. நிலப்பரப்பு மட்டக்களப்பு வாவியின் இரு கரைகள். போதனா வைத்தியசாலையும் நீதிமன்றங்களும் நகரத்தில் உள்ளன. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயலை நம்பிய ஊர்கள் பரந்து கிடக்கின்றன. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் அந்தத் தூரம் ஓரளவு சுருங்கியது. மண்டூர்–குருமண்வெளி போன்ற இடங்களில் இன்னமும் ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகில் ஏறித்தான் வாவியைக் கடக்கிறார்கள். இந்தத் தூரமும் கடக்கும் நேரமும் மருத்துவ வழக்கில் சான்றாகவே மாறுவதைக் கீழே காண்போம்.

2. சட்டத்தின் அடித்தளம்

2.1 இலங்கையில் தீங்கியல் வழக்குக்கு உரோம-டச்சுச் சட்டமே அடிப்படை. வழக்காளி மூன்றை நிரூபிக்க வேண்டும். வைத்தியர், தம் நிலையிலுள்ள நியாயமான வைத்தியர் காட்டும் கவனத்தைக் காட்டவில்லை என்பது முதலாவது. அந்தக் குறையே தீங்கை உண்டாக்கியது, அல்லது அதற்குக் கணிசமாகப் பங்களித்தது என்பது இரண்டாவது. அதனால் சட்டம் ஏற்கும் நட்டம் விளைந்தது என்பது மூன்றாவது. குற்றவியல் வழக்கைப்போல ஐயத்துக்கு இடமற்ற நிரூபணம் தேவையில்லை. நடந்திருக்கும் என்ற பக்கமே எடை கூடியது என்று காட்டினால் போதும். ஆனால் முதலிரண்டும் மருத்துவ அறிவில்லாமல் பதில் சொல்ல முடியாத கேள்விகள்.

2.2 அரச வைத்தியசாலையில் நடந்த தவறென்றால், 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி, ஊழியரின் தீங்குக்கு அரசும் பொறுப்பாகும். வழக்கு சட்டமா அதிபரை எதிராளியாக்கித் தொடுக்கப்படும். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 461ஆம் பிரிவு ஒரு மாத எழுத்துமூல அறிவித்தலை முன்னரே கொடுக்கச் சொல்கிறது. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ் இயங்குகிறது; ஊர்ப்புறப் பிரதேச வைத்தியசாலைகள் கிழக்கு மாகாண நிருவாகத்தின் கீழ் வருகின்றன. ஒரே நோயாளி ஒரே இரவில் இரண்டு நிருவாகங்களின் கையில் இருந்திருக்கலாம். எந்தக் கட்டத்தில் தவறு நடந்தது என்பது தெளிவாகாமல் யாருக்கு அறிவித்தல் கொடுப்பது என்பதும் தெளிவாகாது. அந்தத் தெளிவைத் தருவதும் நிபுணர் கருத்தே.

2.3 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு இத்தகைய வழக்குகளுக்கு இரண்டு ஆண்டு எல்லை விதிக்கிறது. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து அது ஓடத் தொடங்குகிறது. துக்கம் ஆறும் காலம், பதிவேடு கேட்டு அலையும் காலம், நிபுணரைத் தேடும் காலம், அறிவித்தல் மாதம் எல்லாம் இந்த இரண்டு ஆண்டுக்குள் அடங்க வேண்டும்.

2.4 நிபுணர் கருத்தைச் சான்றாக ஏற்கும் வழியை 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம் வகுத்திருக்கிறது. விஞ்ஞானம் அல்லது கலை சார்ந்த விடயத்தில் சிறப்புத் தேர்ச்சி உள்ளவரின் கருத்தை 45ஆம் பிரிவு ஏற்கிறது. அக்கருத்தை ஆதரிக்கும் அல்லது மறுக்கும் நிகழ்வுகளை 46ஆம் பிரிவு உள்ளே கொண்டுவருகிறது. கருத்துக்கான காரணங்களும் தொடர்புடையவை என்கிறது 51ஆம் பிரிவு. விற்பனையில் உள்ள மருத்துவ நூலின் ஆசிரியர் இறந்திருந்தாலோ, நியாயமற்ற தாமதமும் செலவும் இன்றி அவரை அழைக்க முடியாதிருந்தாலோ, அந்நூலையே முன்வைக்க 60ஆம் பிரிவு இடம் தருகிறது. சாட்சிக்கூண்டில் நிபுணர் தம் துறை நூல்களைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ள 159ஆம் பிரிவு அனுமதிக்கிறது.

2.5 இந்தப் பிரிவுகளைச் சேர்த்துப் படித்தால் ஓர் உண்மை புலப்படும். நமது சட்டம் நிபுணரின் பட்டத்துக்கல்ல, அவர் சொல்லும் காரணங்களுக்கே மதிப்பளிக்கிறது. காரணம் கூறாத கருத்து எத்தனை பெரிய மருத்துவரிடமிருந்து வந்தாலும் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. சட்டம் சொல்லாமல் விட்டது வடிவத்தையும் காலத்தையுந்தான். சாட்சிப் பட்டியலில் பெயர் இடம்பெற வேண்டும் என்பது தவிர, நிபுணர் என்ன சொல்லப்போகிறார் என்பதை எதிர்த் தரப்புக்கு முன்கூட்டியே விளக்கும் பிரத்தியேக விதி மருத்துவ வழக்குக்கு என்று வகுக்கப்படவில்லை.

2.6 வாவிக்கரை மக்களுக்கு நன்கு பழக்கமான காணி வழக்கோடு இதை ஒப்பிட்டால் குறை விளங்கும். 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டப்படி நில அளவையாளருக்கு நீதிமன்றமே ஆணை கொடுக்கிறது. அவர் வரைபடமும் அறிக்கையும் சமர்ப்பிக்கிறார். அவை சான்றாகப் பயன்படுகின்றன. கேள்வி கேட்க விரும்பும் தரப்பு அவரை அழைத்து விசாரிக்கலாம். இரண்டு பேர்ச் காணியின் எல்லைக்கு இத்தனை ஒழுங்கு இருக்கிறது. ஓர் உயிர் எப்படிப் போனது என்ற கேள்விக்கு அதே ஒழுங்கு இல்லை.

3. பிரியாணி சொய்சா வழக்கு கற்பிப்பது

3.1 இலங்கையின் மருத்துவக் கவனயீனச் சட்டத்தைப் பேசும் எவரும் பேராசிரியை பிரியாணி சொய்சா எதிர் அர்சகுலரத்ன வழக்கைக் கடந்து போக முடியாது. 1992இல் ஒரு சிறுமி மூளைத்தண்டில் ஏற்பட்ட கட்டியால் இறந்தார். நாட்டின் முன்னணிக் குழந்தை மருத்துவராக விளங்கிய பேராசிரியை, வாதக் காய்ச்சலோடு தொடர்புள்ள நடுக்க நோய் என்று அதை நிர்ணயித்திருந்தார். தந்தை வழக்குத் தொடுத்தார். கொழும்பு மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபாய் நட்டஈடு விதித்தது. 1999இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கவனயீனத் தீர்ப்பை நிலைநிறுத்தி, தொகையை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றம் பேராசிரியையின் மேன்முறையீட்டை ஏற்று வழக்கைத் தள்ளியது.

3.2 வழக்கு விழுந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். நோய் நிர்ணயத்தில் பிழை நேர்ந்ததா என்ற கேள்வியில் அது விழவில்லை. அந்தப் பிழைதான் மரணத்தை உண்டாக்கியது அல்லது அதற்குக் கணிசமாகப் பங்களித்தது என்பது நிரூபிக்கப்படவில்லை என்பதிலேயே விழுந்தது. அந்தக் கட்டி உயிர் குடிக்கும் வகை. உரிய நேரத்தில் கண்டுபிடித்திருந்தாலும் குழந்தை பிழைத்திருக்குமா என்ற கேள்விக்கு வழக்காளி பக்கத்தில் போதிய எடை சேரவில்லை.

3.3 நிபுணர் அறிக்கை தயாரிப்போருக்கு இதில் ஒரு நேரான பாடம் இருக்கிறது. ‘வைத்தியர் செய்தது பிழை’ என்று எழுதுவது பாதி அறிக்கை. ‘சரியாகச் செய்திருந்தால் என்ன நடந்திருக்கும், எந்த அளவு உறுதியோடு அதைச் சொல்ல முடியும்’ என்பதே மறு பாதி. வீட்டாரின் கோபமும் சட்டத்தரணியின் கேள்விகளும் முதல் பாதியைச் சுற்றியே வரும். தீர்ப்பு இரண்டாம் பாதியில் தங்கியிருக்கிறது.

3.4 அந்த வழக்கு இன்னொரு குறையையும் வெளிக்காட்டியது. இறந்த பிள்ளைக்காகப் பெற்றோர் படும் துயரத்துக்கு உரோம-டச்சுச் சட்டத்தின் இவ்வழக்கு வகையில் அப்போது நட்டஈடு கிடைக்கவில்லை. பொருள் நட்டமே கணக்கில் எடுக்கப்பட்டது. ஒருவரின் மரணத்துக்காக நட்டஈடு அறவிடல் பற்றிய 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் அந்த நிலையை மாற்றியது. அன்பும் அரவணைப்பும் இழந்ததற்காக நெருங்கிய உறவினர் இப்போது நட்டஈடு கோரலாம். ஆனால் காரணத் தொடர்பை நிரூபிக்கும் சுமையை அந்தச் சட்டம் தளர்த்தவில்லை. நட்டஈட்டுக் கதவு அகலத் திறந்திருக்கிறது. அதனுள் போகத் தேவையான நிபுணர் சான்றுக்கு வழி பழையபடியே இருக்கிறது.

4. நிபுணர் அறிக்கை ஆகாதவை

4.1 வாவிக்கரைக் குடும்பங்கள் பலவும் கையில் ஏதோ ஓர் அறிக்கையோடுதான் சட்டத்தரணியிடம் வருகின்றன. பெரும்பாலும் அது சட்ட வைத்திய அதிகாரியின் பிரேதப் பரிசோதனை அறிக்கை. மரணத்தின் காரணத்தை அது சொல்லும். ஆனால் ‘கிருமித் தொற்றால் மரணம்’ என்ற முடிவு, தொற்றை எந்த நாளில் கண்டறிந்திருக்க வேண்டும் என்று சொல்லாது. உடலில் கண்டதைக் கூறுவது அதன் வேலை. விடுதியில் நடந்ததை மதிப்பிடுவது வேறொரு துறை நிபுணரின் வேலை.

4.2 திடீர் மரண விசாரணை அதிகாரியின் அல்லது நீதவானின் முடிவும் அவ்வாறே. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் கீழ் நடக்கும் அந்த விசாரணை மரணம் எவ்வாறு நேர்ந்தது என்பதை ஆராய்கிறது. நட்டஈட்டுப் பொறுப்பைத் தீர்மானிப்பதில்லை. கவனயீனமான செயலால் மரணம் விளைவித்தலைத் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. ஆனால் அங்கே நிரூபணத்தின் தரம் வேறு.

4.3 மருத்துவ சபை வைத்தியரின் ஒழுக்கத்தை ஆராய்கிறது. அமைச்சின் உள்ளக விசாரணை நிருவாகத் தவறைத் தேடுகிறது. இரண்டும் பயனுள்ளவை. ஆனால் கவனத் தரம், மீறல், காரணத் தொடர்பு என்ற மூன்றையும் ஒரே சங்கிலியாகக் கோக்கும் கடமை இவற்றுக்கு இல்லை. இவை கிடைக்கும்வரை காத்திருந்தால் இரண்டு ஆண்டு எல்லை கடந்துவிடவும் கூடும்.

4.4 இறந்தவரின் உடலை உடனே அடக்கம் செய்ய வேண்டும் என்பது முஸ்லிம் குடும்பங்களின் மார்க்கக் கடமை. தமிழ்க் குடும்பங்களும் உடலை வெட்ட வேண்டாம் என்று மன்றாடுவதுண்டு. அந்த உணர்வு மதிக்கத்தக்கது. அதே வேளையில், பரிசோதனையின்றி உடலை வாங்கிச் சென்றால் காரணத் தொடர்பின் முதன்மைச் சான்று மண்ணோடு போய்விடும் என்பதை அந்த நேரத்தில் ஒருவர் கனிவோடு எடுத்துச் சொல்ல வேண்டும். அதைச் சொல்வது வைத்தியசாலையின் கடமையாக்கப்பட வேண்டும்.

5. நல்ல அறிக்கையின் உறுப்புகள்

5.1 ஓர் எடுத்துக்காட்டை வைத்து இதை விளக்கலாம். இது விளக்கத்துக்காகப் புனைந்தது. வேளாண்மை வெட்டும் காலம். படுவான்கரையில் ஒரு விவசாயியை மாலை 5.30 மணிக்குப் பாம்பு கடிக்கிறது. 6.45க்குப் பிரதேச வைத்தியசாலைக்குக் கொண்டுவருகிறார்கள். இரத்த உறைவுச் சோதனை 9.10க்கு நடக்கிறது. 10 மணிக்கு நோயாளர் காவு வண்டியில் ஏற்றுகிறார்கள். நகரத்தில் நஞ்செதிர் மருந்து ஏற்றும்போது 11.30. அவர் உயிர் பிழைக்கிறார். ஆனால் சிறுநீரகம் செயலிழந்து இரத்தச் சுத்திகரிப்பில் வாழ்கிறார்.

5.2 முதல் உறுப்பு, நிபுணரின் தகுதி. பிரதேச வைத்தியசாலையின் மருத்துவ அதிகாரி செய்ததை மதிப்பிட, அத்தகைய இடத்தில் பாம்புக்கடியைக் கையாண்ட அனுபவமுள்ளவரே பொருத்தமானவர். தென்னாபிரிக்காவின் மிற்செல் எதிர் டிக்சன் வழக்கு 1914இலேயே தெளிவாக்கியபடி, உச்சத் திறமையை எவரிடமும் எதிர்பார்க்க முடியாது. நியாயமான திறமையையும் கவனத்தையுமே எதிர்பார்க்கலாம்.

5.3 இரண்டாவது, பார்த்த ஆவணங்களின் பட்டியல். விடுதிகளில் பி.எச்.ரி. என்று சொல்லப்படும் நோயாளர் பதிவேடு, மருந்து வழங்கிய தாள், உடலுக்குள் போன நீரும் வெளியேறிய சிறுநீரும் குறித்த தாள், தாதியரின் குறிப்பு, இடமாற்றக் கடிதம் ஆகிய ஒவ்வொன்றையும் பார்த்தாரா, எது கிடைக்கவில்லை என்று அவர் குறிப்பிட வேண்டும்.

5.4 மூன்றாவது, நேர வரிசை. மேலே கூறிய வழக்கில் உயிர்நாடி 6.45க்கும் 9.10க்கும் இடைப்பட்ட இடைவெளி. அந்தச் சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. நாளத்திலிருந்து எடுத்த கொஞ்ச இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசையாமல் வைத்து, பின்னர் ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் நஞ்சு இரத்தத்தைத் தாக்கியிருக்கிறது. கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்ரிக் குழாய் பயன்பட்டிருந்தால் முடிவு பிழைக்கும். எந்தக் குழாய், எத்தனை மணிக்கு, யார் பார்த்தார் என்ற குறிப்பைத் தேடாத அறிக்கை கண்ணை மூடிக்கொண்டு எழுதிய அறிக்கை.

5.5 நான்காவது, கவனத் தரம். அக்காலத்தில் நடைமுறையில் இருந்த வழிகாட்டல் என்ன, அந்த வைத்தியசாலையில் நஞ்செதிர் மருந்து இருந்ததா, இல்லாவிட்டால் எவ்வளவு விரைவாக அனுப்பியிருக்க வேண்டும் என்பன இங்கே வரும். இல்லாத வசதிக்கு வைத்தியர் பொறுப்பல்ல. இல்லை என்று தெரிந்தும் அனுப்பத் தாமதித்தால் அந்தத் தாமதம் கேள்விக்கு உட்படும்.

5.6 ஐந்தாவது, மீறல். எந்தச் செயல் அல்லது எந்தச் செயலின்மை தரத்துக்குக் கீழே போனது என்பதை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். ‘கவனமில்லை’ என்ற பொதுச்சொல் போதாது.

5.7 ஆறாவது, காரணத் தொடர்பு. கண்ணாடிப் புடையன் கடித்திருந்தால் நஞ்செதிர் மருந்து வேலை செய்திருக்கும். அதைப் போன்று சிறுநீரகத்தைத் தாக்கக்கூடிய, மூக்கு மேடுள்ள சிறு விரியன் வகையொன்று கடித்திருந்தால், இங்கே பயன்படும் இந்தியத் தயாரிப்பு மருந்து அதன் நஞ்சுக்கு எதிரானதல்ல. அப்படியாயின் தாமதம் பெரும் பிழையாக இருந்தாலும் தீங்குக்குக் காரணமாகாமல் போகலாம். பாம்பு அடையாளம் காணப்பட்டதா என்ற சின்னக் குறிப்பு வழக்கின் முடிவையே தீர்மானிக்கக் கூடும். பாதைக்காகத் துறையில் காத்திருந்த நேரமும் இங்கே வந்து சேரும். அது வைத்தியரின் கணக்கில் ஏறாது. ஆனால் மொத்தத் தாமதத்தில் அதைப் பிரித்துக் காட்டியே தீர வேண்டும்.

5.8 ஏழாவது, மாற்றுக் கருத்தும் உறுதியின் அளவும். தம் முடிவுக்கு எதிராக உள்ள மருத்துவக் கருத்தை மறைக்காமல் கூறி, ஏன் அதை ஏற்கவில்லை என்று நிபுணர் விளக்க வேண்டும். தமக்கு எவர் பணம் கொடுத்தார், தரப்பினருடன் தொழில் உறவு உண்டா என்பதையும் வெளியிட வேண்டும்.

6. பிற நாடுகளின் ஏற்பாடுகள்

6.1 கடுமையான வாசல்விதிக்கு அமெரிக்காவின் ரெக்சஸ் மாநிலம் எடுத்துக்காட்டு. அங்கே 2003இல் செய்யப்பட்ட சட்ட மாற்றத்தின்படி மருத்துவ வழக்காளி நிபுணர் அறிக்கையைக் கையளித்தே ஆக வேண்டும். எதிராளி பதிலளித்த நாளிலிருந்து 120 நாள் கெடு. தரம், மீறல், காரணத் தொடர்பு மூன்றையும் அறிக்கை தொட வேண்டும். தவறினால் வழக்குத் தள்ளப்படும்; எதிராளியின் சட்டச் செலவும் வழக்காளியின் தலையில் விழும்.

6.2 இந்தியாவில் ஜேக்கப் மாத்யூ வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம், மருத்துவர்மீது குற்றவியல் முறைப்பாட்டை ஏற்பதற்கு இன்னொரு தகுதியான மருத்துவரின் நம்பத்தகுந்த கருத்து தேவை என்றது. 2009இல் மார்ட்டின் டிசூசா வழக்கு அந்த நிபந்தனையை நுகர்வோர் வழக்குகளுக்கும் விரித்தது. அடுத்த ஆண்டே கிஷன் ராவ் வழக்கு அதைத் திருத்தி, எல்லா வழக்குக்கும் நிபுணர் தேவையில்லை என்று தீர்த்தது. மலேரியாவுக்குப் பதிலாக ரைபோயிட்டுக்கு மருந்து கொடுத்த வழக்கு அது.

6.3 இங்கிலாந்து வாசலை அடைக்காமல் நிபுணரின் கடமையை இறுக்கியது. 1993இல் ‘இக்காரியன் றீஃபர்’ கப்பல் வழக்கில் நிபுணரின் கடமைகள் தொகுத்துரைக்கப்பட்டன. 1999இல் நடைமுறைக்கு வந்த குடியியல் விதிகளின் 35ஆம் பகுதி, நிபுணரின் தலையாய கடமை பணம் கொடுத்த தரப்புக்கல்ல, நீதிமன்றத்துக்கே என்று நிலைநாட்டியது. கருத்தை எடைபோடும் முறையும் வளர்ந்தது. பொறுப்பான மருத்துவர் குழுவொன்று ஏற்கும் நடைமுறையானால் கவனயீனமல்ல என்றது 1957இன் போலம் வழக்கு. அந்தக் குழுவின் கருத்தும் தர்க்கத்துக்கு நிற்க வேண்டும் என்றது 1997இன் பொலிதோ வழக்கு.

6.4 நமக்கு மிக நெருக்கமானது தென்னாபிரிக்கா. அங்கும் உரோம-டச்சுச் சட்டமே அடிப்படை. அறுவைச் சிகிச்சையின் பின் பஞ்சுத்துணி உடலுக்குள் விடப்பட்ட வான் விக் எதிர் லூயிஸ் வழக்கில் 1924இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், நிகழ்வே தவறை நிரூபித்துவிடும் என்ற வாதத்தை ஏற்கவில்லை, வழக்காளி தோற்றார். இத்தனை வெளிப்படையான விடயத்திலும் நிபுணர் விளக்கம் தேவைப்பட்டது. 2001இன் லிங்க்ஸ்ஃபீல்ட் பார்க் வழக்கு, நிபுணர் கருத்துக்குத் தர்க்க அடிப்படை இருக்கிறதா என்று நீதிபதியே ஆராய வேண்டும் என்று வலியுறுத்தியது. நிபுணரை அழைக்க விரும்பும் தரப்பு அவருடைய கருத்தின் சுருக்கத்தையும் காரணங்களையும் முன்கூட்டிக் கையளிக்க வேண்டும் என்பது அந்நாட்டு நீதிமன்ற விதி. நமது சட்ட மரபுக்குள் இயல்பாகப் பொருந்தக் கூடிய ஏற்பாடு இதுவே.

7. வாவிக்கரையின் தடைகள்

7.1 பதிவேடு. துண்டு வெட்டி வீடு திரும்பும் நோயாளியின் கையில் நோய் நிர்ணய அட்டை மட்டும் இருக்கும். முழுப் பதிவேடு வைத்தியசாலையின் பதிவறைக்குப் போய்விடும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மருத்துவப் பதிவுகளைப் பிறருக்குக் கொடுப்பதைத் தடுக்கிறது. உரியவர் எழுத்தில் சம்மதித்தால் அந்தத் தடை இல்லை. நோயாளியே விண்ணப்பித்தால் 14 வேலை நாளுக்குள் முடிவு அறிவிக்கப்பட வேண்டும். இதை அறிந்தவர் கிராமங்களில் குறைவு. பதிவேடு இருந்தும் சமர்ப்பிக்கப்படாவிட்டால் அது மறைப்பவருக்குப் பாதகமானது என்று ஊகிக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 114ஆம் பிரிவு இடமளிக்கிறது. சட்டத்தரணிகள் இதை இன்னும் துணிவோடு எடுத்தாள வேண்டும்.

7.2 ஆள். ஒரு துறையில் மாவட்டத்துக்கு ஓரிரு நிபுணர்களே இருப்பார்கள். அவர்கள் ஒரே வைத்தியசாலையில் பணிபுரிந்தவர்கள், ஒரே இடத்தில் படித்தவர்கள். நாளை அதே சகபாடியிடம் நோயாளியை அனுப்ப வேண்டியவர்கள். அப்படியொருவரை அழைத்து ‘உன் தோழன் செய்தது சரியா’ என்று கேட்பது அவருக்கும் நீதியாகாது, வழக்காளிக்கும் நீதியாகாது. வெளியூர் நிபுணர் என்றால் கொழும்பு 300 கிலோமீற்றருக்கு அப்பால். சாட்சிக்கு வந்து வழக்கு ஒத்திவைக்கப்பட்டால் அவர் மறுமுறை வரத் தயங்குவார்.

7.3 மொழி. அரசியலமைப்பின்படி கிழக்கு மாகாண நீதிமன்றங்களின் மொழி தமிழ். பதிவேடு ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். வெளியிலிருந்து வரும் நிபுணர் சிங்களத்தில் பேசக்கூடும். மொழிபெயர்ப்பில் ‘ஏற்பட்டிருக்கலாம்’ என்பதும் ‘ஏற்பட்டிருக்கும்’ என்பதும் இடம் மாறினால், காரணத் தொடர்பின் எடையே மாறிவிடும்.

7.4 பணம். இலவச வைத்தியத்தை நம்பி வாழும் குடும்பத்துக்கு நிபுணர் கட்டணம் எட்டாக்கனி. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு சட்டத்தரணியைத் தரலாம். மருத்துவ நிபுணரின் கருத்து இல்லாமல் அந்தச் சட்டத்தரணி எதைக் கொண்டு வாதாடுவார்?

8. முன்மொழிவுகள்

8.1 முறைப்பாடு எழுந்த நாளிலேயே பதிவேட்டின் பக்கங்களுக்கு இலக்கமிட்டு, பிரதி எடுத்து முத்திரையிட வேண்டும். அசலை நிருவாகமும் பிரதியை நோயாளியும் வைத்திருக்க வேண்டும்.

8.2 மருத்துவ சபையும் துறைசார் மருத்துவக் கல்லூரிகளும் சேர்ந்து நிபுணர் பட்டியலைப் பேண வேண்டும். வழக்கு நடந்த மாகாணத்துக்கு வெளியே பணிபுரிபவரையே நீதிமன்றம் அந்தப் பட்டியலிலிருந்து தெரிவுசெய்ய வேண்டும். வழக்காளி தெரிவுசெய்யும் நிபுணரை அழைக்கும் உரிமை இதனால் குறையக்கூடாது.

8.3 ஐந்தாம் பகுதியில் சொன்ன ஏழு உறுப்புகளும் அறிக்கையில் கட்டாயமாக்கப்பட வேண்டும். இரு தரப்பும் வழக்கு விளக்கத்துக்கு முன்னர் அறிக்கைகளைப் பரிமாற வேண்டும். இரு நிபுணர்களும் சந்தித்து, எதில் ஒத்துப்போகிறார்கள், எதில் வேறுபடுகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதித் தந்தால் விளக்கம் பாதியாகக் குறையும்.

8.4 அறிக்கையோடு தமிழ்ச் சுருக்கம் இணைக்கப்பட வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடம் மட்டக்களப்பிலேயே இயங்குகிறது. சட்ட மருத்துவத் தமிழை வளர்க்கவும், இளம் வைத்தியர்களுக்கு அறிக்கை எழுதும் பயிற்சி தரவும் அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. வெளியூர் நிபுணர் காணொளி வழியாகச் சாட்சியளிக்கவும் ஏற்பாடு வேண்டும்.

8.5 சட்ட உதவி ஆணைக்குழுவிடம் நிபுணர் கட்டணத்துக்குத் தனி நிதி ஒதுக்க வேண்டும்.

8.6 ரெக்சஸ் மாதிரியான வாசல்விதி இங்கே வேண்டாம். நிபுணர்கள் தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் அது வீண் வழக்குகளைச் சலிக்கும். நிபுணர் கிடைக்காத இடத்தில் அது உண்மையான வழக்குகளையே முதலில் கொல்லும். அறிக்கை வழக்கின் உள்ளே, குறித்த கட்டத்தில் வர வேண்டும். அதைப் பெறும் வழியை அரசு முதலில் திறந்துகொடுக்க வேண்டும்.

9. முடிவு

9.1 இத்தகைய ஏற்பாடு வழக்குகளைப் பெருக்கும் என்று வைத்தியர்கள் அஞ்சலாம். அந்த அச்சத்தைத் தள்ளிவிடக் கூடாது. ஆனால் இன்றைய நிலையிலும் வைத்தியர் பாதுகாப்பாக இல்லை. சான்றைக் கேட்க இடமில்லாத குடும்பம் முகநூலில் தீர்ப்பெழுதுகிறது, வைத்தியசாலை வாசலில் கூடுகிறது. அங்கே தரமும் காரணத் தொடர்பும் பேசப்படுவதில்லை. குற்றமற்ற வைத்தியரின் பெயரும் சேர்ந்தே அழிகிறது. காரணங்களோடு எழுதப்பட்ட, பக்கம் சாராத ஓர் அறிக்கை, தவறு செய்யாத வைத்தியரை வழக்கின் தொடக்கத்திலேயே விடுவிக்கும்.

9.2 நோயாளியின் பக்கத்தில் தேவை இன்னும் எளியது. தன் உறவுக்கு என்ன நடந்தது என்று தன் மொழியில், அறிந்தவர் ஒருவர் எழுதித் தர வேண்டும் என்பதே பலருடைய முதல் கோரிக்கை. பணம் அதற்குப் பின்னர்தான். நிபுணர் கருத்தை ஏற்கும் கதவை 1895இன் சட்டம் திறந்து வைத்தது. அந்தக் கருத்தைத் தருவிக்கும் முறையை இதுவரை எவரும் வகுக்கவில்லை. பாராளுமன்றம் விதியைச் செய்யலாம். அதுவரை மாவட்ட நீதிபதிகள் தமக்குள்ள அதிகாரத்தில் அறிக்கைப் பரிமாற்றத்துக்குத் திகதி குறிக்கலாம். சட்டத்தரணிகள் முதல் வாரத்திலேயே பதிவேட்டைக் கோரலாம். மூத்த வைத்தியர்கள் பட்டியலில் தம் பெயரைத் தாமாகவே சேர்க்கலாம். இவற்றில் கடைசியானது எந்தச் சட்டத் திருத்தத்துக்கும் காத்திருக்கத் தேவையில்லாதது. ஆகவே அதுவே முதலில் நடக்க வேண்டும்.